பழைய எக்ஸ்.பி.யும் பேஜ்மேக்கரும் புதுக் கணினிக்குள் ஓடுமா? எந்த இலவச மென்பொருள் நல்லது?

பட்டர்ஷீட்
எல்லோருக்கும் வணக்கம். சின்ன ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கோவில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று வழக்கமான வேலைகள். டி.டி.பி. (கணினியில் பக்கம் அமைக்கும் வேலை) முழுவதும் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்.பி. கணினியில், பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மதர்போர்டு போய்விட்டது. அந்த வகை போர்டு இப்போது கிடைப்பதில்லை என்கிறார்கள். ஹார்டு டிஸ்க் நன்றாக இருக்கிறது. வெளியே எடுத்துப் பார்த்தேன், ஃபைல்கள் எல்லாம் தெரிகின்றன.

புதுக் கணினி வாங்கிவிட்டேன். விண்டோஸ் 11 ஹோம், 8 ஜி.பி. ரேம். பேஜ்மேக்கரை இதில் நேரடியாகப் போட்டால் தகராறு செய்கிறது. தமிழ் எழுத்துருத் தொகுப்பின் சி.டி. என்னிடம் இல்லை, அதற்கான யு.எஸ்.பி. பூட்டு (செருகினால்தான் தொகுப்பு வேலை செய்யும்) மட்டும் இருக்கிறது. கணினிக்குள்ளேயே இன்னொரு கணினி மாதிரி எக்ஸ்.பி.யை ஓட்டலாம் என்று மகன் சொல்கிறான். விர்ச்சுவல்பாக்ஸ், வி.எம்.வேர் என்று இரண்டு பெயர் சொன்னான். காசு கொடுக்காமல் எது முடியும்? வாடிக்கையாளர் வந்து "போன வருஷம் அடித்த அதே நோட்டீஸ், தேதியை மட்டும் மாற்றுங்கள்" என்றால் எனக்கு அந்தப் பழைய ஃபைல் திறந்தாக வேண்டும்.

ரைட்கண்ட்ரோல்
முடியும் அண்ணாச்சி. எக்ஸ்.பி. மிக லேசான ஆள். 1 ஜி.பி. ரேம் கொடுத்தாலே பேஜ்மேக்கர் பறக்கும். உங்கள் 8 ஜி.பி.யில் மீதி 7 விண்டோஸ் 11-க்கே இருக்கும்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் சி.பி.யு.வைச் சொடுக்கினால் கீழே "விர்ச்சுவலைசேஷன்" என்று ஒரு வரி இருக்கும். "எனேபிள்டு" என்று இருந்தால் சரி. இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கிற போர்டின் அமைப்புத் திரை) போய் இயக்க வேண்டும். இன்டெல் போர்டில் வி.டி. எக்ஸ் அல்லது விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும், ஏ.எம்.டி. போர்டில் எஸ்.வி.எம். என்றும் இருக்கும். இந்த வசதி 2005, 2006 வாக்கிலேயே சிப்புகளில் வந்துவிட்டது, அதனால் புதுக் கணினியில் இல்லாமல் இருக்காது. ஆனால் சில போர்டுகளில் அணைத்து வைத்தே கொடுக்கிறார்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 6.1-இலிருந்து இது இல்லாமல் எந்த விருந்தினர் (உள்ளே ஓட்டுகிற) இயங்குதளமும் ஓடாது.

மென்பொருள் என்றால் என் ஓட்டு விர்ச்சுவல்பாக்ஸுக்கு. இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் 2007-ல் திறமூலமாக வெளியிட்டது. 2008-ல் சன் வாங்கியது, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. அடிப்படைத் தொகுப்பு இன்றும் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமத்தில்தான் இருக்கிறது. அச்சகத்தில் வைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

லேப்_அசிஸ்டன்ட்
மேலே சொன்னதில் ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் தரவிறக்கப் பக்கத்தில் "எக்ஸ்டென்ஷன் பேக்" என்று இன்னொன்று இருக்கும். அது ஜி.பி.எல். கிடையாது. தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, சோதனை இவற்றுக்கு மட்டும்தான் இலவசம். நீங்கள் வைத்திருப்பது தொழில். அதைத் தொடவே வேண்டாம்.

முன்பெல்லாம் யு.எஸ்.பி. 2.0 வேண்டுமென்றால் அந்த பேக் இல்லாமல் முடியாது. 2022-ல் வந்த 7.0-இலிருந்து யு.எஸ்.பி. 2, யு.எஸ்.பி. 3 இரண்டுமே அடிப்படைத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. உங்கள் பூட்டுக்கு இதுவே போதும். பேக்கில் மிச்சமிருப்பது தொலைவிலிருந்து திரையைப் பார்ப்பது, வட்டைக் குறியாக்கம் செய்வது போன்றவை. எக்ஸ்.பி.க்கும் அச்சகத்துக்கும் எதற்கு?

கர்னல்பித்தன்
எல்லோரும் விண்டோஸ் 11 மேலேயே கட்டடம் எழுப்புகிறீர்கள். அந்தக் கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டு, மெய்நிகர் கணினிகளை நடத்தும் வர்ட்-மேனேஜரை நிறுவினால் போதும், அவற்றை ஓட்டும் கே.வி.எம். எஞ்சின் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. 2007-ல் 2.6.20 கெர்னலில் சேர்ந்தது. தனியாக எந்த டிரைவரும் தொகுக்க வேண்டாம், உரிமத் தலைவலி கிடையாது, எந்த நிறுவனம் எப்போது மனசு மாறுமோ என்ற பயமும் இல்லை.

சர்வீஸ்கடை
கர்னல்பித்தன் தம்பி, அவர் பத்திரிகை அடிக்கிறவர். நாளைக்கு வளர்பிறை முகூர்த்தம். லினக்ஸ் பழகச் சொல்கிற நேரமா இது?

கர்னல்பித்தன்
:) பழகச் சொல்லவில்லை அண்ணே. மேலே வேறு எதுவும் செய்யாமல் எக்ஸ்.பி.யை மட்டும் முழுத்திரையில் திறக்கிற மாதிரி வைத்துக் கொடுத்தால் அவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் அவரிடம் ஏற்கெனவே விண்டோஸ் 11 இருக்கிறது, சரி, விட்டுவிடுகிறேன். வி.எம்.வேர் பற்றி யாராவது சொல்லுங்கள். இப்போது அதுவும் இலவசம்தானே.

ரைட்கண்ட்ரோல்
ஆமாம். 2023 நவம்பரில் பிராட்காம் வி.எம்.வேரை வாங்கியது. 2024 மே மாதம் வொர்க்ஸ்டேஷன் புரோவைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசமாக்கினார்கள். அதே வருடம் நவம்பரில் தொழில் பயன்பாட்டுக்கும் இலவசம் என்று அறிவித்தார்கள். அதனால் பட்டர்ஷீட் அண்ணாச்சிக்கு உரிமச் சிக்கல் இல்லை. பிராட்காம் தளத்தில் கணக்குத் தொடங்கித்தான் இறக்க வேண்டும். அந்த இணைப்பைக் கண்டுபிடிப்பது எக்ஸ்.பி. நிறுவுவதைவிடப் பெரிய வேலை.

எக்ஸ்.பி.யில் திரை அசைவு, 3டி எல்லாம் வி.எம்.வேரில்தான் நன்றாக இருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் 6.1-இலிருந்து எக்ஸ்.பி.க்கு 3டி கிடையாது. பேஜ்மேக்கருக்கு 3டி தேவையில்லை என்பதால் நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பட்டர்ஷீட்
நன்றி. மகன் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டான். இரண்டு சந்தேகம். ஒன்று: எக்ஸ்.பி.யைப் புதிதாக நிறுவுவதா, பழைய ஹார்டு டிஸ்கை அப்படியே உள்ளே கொண்டுவருவதா? எழுத்துருத் தொகுப்பின் சி.டி. இல்லை என்பதால் கேட்கிறேன். இரண்டு: கீழே ஓரத்தில் ஒரு ஆமைப் படம் தெரிகிறது. அது என்ன?

லேப்_அசிஸ்டன்ட்
ஆமை தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகர் கணினி எஞ்சினான ஹைப்பர்-வி உங்கள் சிப்பின் வசதியை முதலில் பிடித்துக்கொண்டது என்று பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் அதன் முதுகில் ஏறித்தான் ஓட வேண்டும், அதனால் மெதுவாகும். விண்டோஸ் 11 ஹோமில் ஹைப்பர்-வி மேனேஜர் கிடையாதே என்று கேட்பீர்கள். மேனேஜர்தான் கிடையாது, அடியில் இருக்கும் எஞ்சின் உண்டு. "கோர் ஐசொலேஷன்" என்ற பாதுகாப்பில் "மெமரி இன்டெக்ரிட்டி" இயங்கினாலே அது எழுந்துவிடும். லினக்ஸுக்கான துணை அமைப்பு, சில ஆண்ட்ராய்டு எமுலேட்டர்கள் ஆகியவையும் அதை எழுப்பும்.

எங்கள் ஆய்வகத்தில் மாணவர்களுக்கு இதே பிரச்சினைதான் அதிகம். விண்டோஸ் அம்சங்கள் பட்டியலில் "விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்", "விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம்" இரண்டையும் எடுத்துவிட்டு, மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, மறுதொடக்கம் செய்தால் ஆமை போய்விடும்.

சர்வீஸ்கடை
மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது தீய டிரைவர்கள் கெர்னலுக்குள் நுழைவதைத் தடுக்கிற கதவு. 1 ஜி.பி. எக்ஸ்.பி.க்காக, வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியின் பாதுகாப்பைக் குறைப்பதா? முதலில் ஆமையோடேயே ஓட்டிப் பாருங்கள் அண்ணாச்சி. பேஜ்மேக்கர் தட்டச்சுக்கு ஈடு கொடுத்தால் அப்படியே விடுங்கள். தாங்காவிட்டால் வி.எம்.வேர் போட்டுப் பாருங்கள். 2020-ல் வந்த 15.5.5 முதல் அது ஹைப்பர்-வி இருக்கும்போதும் ஓடக் கற்றுக்கொண்டது.

லேப்_அசிஸ்டன்ட்
நியாயமான பேச்சு. ஆய்வகக் கணினியில் யாரும் வங்கி வேலை பார்ப்பதில்லை, அதனால் எனக்கு அது தோன்றவில்லை.

ரைட்கண்ட்ரோல்
முதல் கேள்விக்கு வருகிறேன். சி.டி. எல்லாம் கையில் இருந்தால் புதிதாக நிறுவுவதுதான் சுத்தம். உங்களுக்கு எழுத்துருத் தொகுப்பு அந்த வட்டில் மட்டும்தான் இருக்கிறது, ஆகவே வட்டைப் படியெடுத்துத்தான் ஆக வேண்டும்.

பழைய வட்டை யு.எஸ்.பி. உறையில் போட்டு இணையுங்கள். அதில் எதையும் எழுதாதீர்கள், சும்மா திறந்து பார்ப்பதைக்கூடத் தவிருங்கள். முழு வட்டையும் ஒரே படிமக் கோப்பாக எடுத்து, விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் கட்டளைக் கருவியில் "கன்வர்ட்ஃப்ரம்ரா" என்பதைக் கொடுத்தால் அது விர்ச்சுவல்பாக்ஸ் படிக்கிற வி.டி.ஐ. வகை வட்டுக் கோப்பாக மாறும். பழைய 80 ஜி.பி. வட்டு என்றால் படிமமும் 80 ஜி.பி. இடம் கேட்கும். வி.டி.ஐ.யாக மாறிய பிறகு சுருங்க வாய்ப்பு உண்டு.

விர்ச்சுவல்பாக்ஸில் மெஷின் (மெய்நிகர் கணினி) உருவாக்கும்போது வகையில் "விண்டோஸ் எக்ஸ்.பி. 32 பிட்" என்று தேர்ந்தெடுங்கள். அதுவே வட்டைப் பழைய ஐ.டி.ஈ. கட்டுப்படுத்தியில் வைக்கும், திரைக்கு வி.பாக்ஸ் வி.ஜி.ஏ.வைத் தேர்ந்தெடுக்கும். சாட்டாவுக்கு மாற்றிவிடாதீர்கள், எக்ஸ்.பி.க்கு அந்த டிரைவர் தெரியாது.

இவ்வளவு செய்தும் முதல் தடவை பெரும்பாலும் நீலத்திரை வரும், பிழை எண் 7பி என்று முடியும். பயப்பட வேண்டாம். எக்ஸ்.பி. இன்னும் பழைய போர்டின் சிப்செட்டைத் தேடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்.பி. சி.டி.யிலிருந்து பூட் செய்யுங்கள். முதலில் கேட்கும் ரெக்கவரி கன்சோலுக்குப் போகாமல் என்டர் தட்டுங்கள். அடுத்து, இருக்கிற விண்டோஸைக் காட்டும்போது "ஆர்" அழுத்தினால் ரிப்பேர் நிறுவல் தொடங்கும். மென்பொருள்கள், எழுத்துருக்கள் எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். வன்பொருளை மட்டும் புதிதாக அறிந்துகொள்ளும்.

சர்வீஸ்கடை
உரிமத்தையும் சொல்லிவிடுகிறேன். கேபினெட்டில் ஒட்டிய ஸ்டிக்கரோடு வந்த எக்ஸ்.பி. என்றால் அந்த உரிமம் அந்தப் போர்டோடு சேர்ந்தது, இன்னொரு கணினிக்கு, மெய்நிகர் கணினிக்கும் சேர்த்து, நகராது. பெட்டியோடு தனியாக வாங்கியது என்றால் நகர்த்தலாம், ஒரு நேரத்தில் ஒன்றில் மட்டும். எப்படியும் வன்பொருள் மாறியதால் ஆக்டிவேஷன் மறுபடி கேட்கும்.

பட்டர்ஷீட்
பெட்டியோடு வாங்கியதுதான், சி.டி. சாவி எண்ணோடு பீரோவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் அதற்குக் கொடுத்த பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

யூனிகோடுவாசி
எல்லோரும் எக்ஸ்.பி.யை எப்படி உயிரோடு வைப்பது என்று பேசுகிறீர்கள். நான் வேறு கேள்வி கேட்கிறேன். அந்த ஃபைல்களில் இருப்பது தமிழே இல்லை. பழைய எழுத்துருக்களில் "அ" என்று திரையில் தெரிவது அடியில் ஓர் ஆங்கில எழுத்தின் எண். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் கிறுக்கல். எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டைத் தமிழ்நாடு அரசு தரமாக ஏற்றதே 2010-ல். இன்னும் எத்தனை வருடம் எக்ஸ்.பி.யைச் சுமப்பீர்கள்? மேட்டரை எல்லாம் என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஓர் எழுத்து மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள், லிப்ரே ஆஃபீஸ் டிராவில் பேஜ்மேக்கர் கோப்பே திறக்கிறது, 2015-ல் வந்த 4.4 பதிப்பிலேயே அந்த வசதி வந்துவிட்டது.

பட்டர்ஷீட்
தம்பி, நீங்கள் சொல்வது புரிகிறது. ஒன்றைத் திறந்து பார்த்தேன். எழுத்து வந்தது, பார்டர் ஒரு பக்கம், பிள்ளையார் ஒரு பக்கம் போய்விட்டார். வாடிக்கையாளர் கேட்பது அந்த லேஅவுட்டைத்தான். வரிக்கு வரி, இடம் மாறாமல். பழைய ஃபைல் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்ற ஆள் வைத்தால் கட்டுப்படியாகாது.

யூனிகோடுவாசி
சரி, எல்லாவற்றையும் வேண்டாம். எது மறுபடி வருகிறதோ அதை மட்டும் அப்போதே மாற்றுங்கள். எக்ஸ்.பி.யில் திறந்து, பி.டி.எஃப். எடுத்து வைத்துக்கொண்டு, மேட்டரை யூனிகோடாக்கி, புது மென்பொருளில் அதைப் பார்த்தே ஒரு தடவை அமைத்துவிட்டால் அடுத்த வருடம் எக்ஸ்.பி.யைத் திறக்க வேண்டாம். வருடா வருடம் வரும் கொடை நோட்டீஸ்கள்தான் முதலில் கரையேற வேண்டும்.

ரைட்கண்ட்ரோல்
இதற்கு நானும் உடன்படுகிறேன். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலோடு பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் தீநிரல் பரவியபோது விதிவிலக்காக ஒன்றைக் கொடுத்தார்கள். இனி அதற்கு யாரும் காவல் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் இந்த இழையில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கேட்பீர்கள் என்றால் இதைக் கேளுங்கள்: மெஷினின் நெட்வொர்க் அமைப்பில் "எனேபிள் நெட்வொர்க் அடாப்டர்" என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அங்கே "நாட்", "பிரிட்ஜ்" என்று இருக்கும் இணைப்பு வகைகள் எதுவும் வேண்டாம். அடாப்டரே இருக்கக் கூடாது.

விர்ச்சுவல்பாக்ஸா வி.எம்.வேரா என்று இவ்வளவு நேரம் பேசினோம். அதில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அண்ணாச்சி பிழைத்துக்கொள்வார். இந்த டிக்கில் தவறினால்தான் சிக்கல்.

பட்டர்ஷீட்
நெட்வொர்க் இல்லாமல் ஃபைலை எப்படி உள்ளே வெளியே கொண்டுபோவது? பிரிண்ட் எப்படி எடுப்பது? லேசர் பிரிண்டரில் பட்டர் ஷீட் (ஒளி ஊடுருவும் தாள்) போட்டு எடுத்துத்தான் பிளேட் (அச்சுத் தகடு) போடுகிறோம்.

ரைட்கண்ட்ரோல்
அதுதான் இதில் அழகு. விர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டர் நெட்வொர்க் வழியாகப் போவதே இல்லை. எக்ஸ்.பி.க்குள் பார்க்க நெட்வொர்க் டிரைவ் மாதிரி தெரியும், ஆனால் அடாப்டர் இல்லாமலே வேலை செய்யும். கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைத் தொகுப்பை மட்டும் எக்ஸ்.பி.க்குள் நிறுவ வேண்டும். டிவைசஸ் மெனுவில் கடைசியில் இருக்கும். அதைப் போட்டால் திரை அளவும் சாளரத்தோடு சேர்ந்து மாறும், மவுஸும் மாட்டிக்கொள்ளாது. அதுவரை மவுஸ் உள்ளே சிக்கினால் வலது கன்ட்ரோல் விசையைத் தட்டுங்கள், வெளியே வந்துவிடும். என் பெயர்க் காரணம் அதுதான்.

"சி" டிரைவ் முழுவதையும் பகிராதீர்கள். "அச்சு" என்று ஒரே ஒரு ஃபோல்டர் போதும். உள்ளே ஏதாவது வைரஸ் தூங்கிக்கொண்டிருந்தால் அது தொடக்கூடியது அந்த ஒரு ஃபோல்டர்தான்.

சர்வீஸ்கடை
பிரிண்டுக்கு: எக்ஸ்.பி.யில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் (அச்சுப் பக்கத்தை விவரிக்கும் மொழி) பிரிண்டர் டிரைவரை நிறுவி, போர்ட்டை "ஃபைல்" என்று வையுங்கள். பேஜ்மேக்கரில் பிரிண்ட் கொடுக்கும்போது பி.எஸ். கோப்பாக அந்த "அச்சு" ஃபோல்டரில் எழுதச் சொல்லுங்கள், எழுத்துருக்களைச் சேர்த்து. வெளியே விண்டோஸ் 11-ல் கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் அதை பி.டி.எஃப். ஆக்கும். அந்த பி.டி.எஃப்.ஐ உங்கள் லேசர் பிரிண்டரில் நூறு சதவீத அளவில் எடுங்கள். "ஃபிட் டு பேஜ்" டிக்கானால் பட்டர் ஷீட்டில் அளவு குறைந்து, பிளேட் வீணாகும்.

பூட்டுக்கு: அமைப்பில் யு.எஸ்.பி.யை 2.0 என்று வைத்து, பூட்டைச் செருகி, "ஃபில்டர்" பட்டியலில் சேர்த்துவிட்டால் மெஷின் தொடங்கும்போதே எக்ஸ்.பி.க்குப் போய்விடும். 3.0 வைக்க வேண்டாம், எக்ஸ்.பி.யிடம் அதற்கான டிரைவர் இல்லை. நல்லவேளை உங்களுடையது யு.எஸ்.பி. பூட்டு. அந்தக் கால பேரலல் போர்ட் பூட்டு என்றால் பெரும்பாடு, யு.எஸ்.பி.யிலிருந்து பிரிண்டர் போர்ட் கொடுக்கிற கேபிள்களில் பெரும்பாலும் அது பேசாது.

பட்டர்ஷீட்
ரிப்பேர் நிறுவல் வரை எல்லாம் ஆனது. நீலத்திரை வந்தது, "ஆர்" அழுத்தியதும் சரியானது. பேஜ்மேக்கர் திறக்கிறது, பூட்டையும் எடுத்துக்கொண்டது. ஆமை இருக்கிறது, ஆனால் தட்டச்சில் தாமதம் தெரியவில்லை, அதனால் எதையும் அணைக்கவில்லை. தமிழ் டைப்ரைட்டர் விசைப்பலகையும் உள்ளே பழையபடி வேலை செய்கிறது. மகன் "ஸ்னாப்ஷாட்" எடுத்து வைத்திருக்கிறான். இதுவே பேக்கப்தானே?

கர்னல்பித்தன்
இல்லை அண்ணாச்சி, இதில் எல்லோரும் ஒரே கட்சி. ஸ்னாப்ஷாட் என்பது அந்த நிமிடத்துக்குப் பிறகு மாறியதை மட்டும் தனிக் கோப்பில் எழுதுவது. மூல வட்டு கெட்டால் ஸ்னாப்ஷாட்டும் போச்சு. இரண்டும் ஒரே டிஸ்கில்தான் கிடக்கும். சோதனைக்கு முன்னால் ஒன்று எடுங்கள், எல்லாம் சரி என்றதும் அழித்துவிடுங்கள். நிறையச் சேர்த்தால் இடமும் போகும், வேகமும் குறையும். அழிக்கும்போது மெனுவில் "டெலீட்" என்றுதான் இருக்கும், பயப்படாதீர்கள். அது மாற்றங்களை மூல வட்டோடு சேர்க்கும், வேலை அழியாது. "ரீஸ்டோர்" அழுத்தினால்தான் இடையில் செய்ததெல்லாம் போகும்.

பேக்கப் என்றால் மெஷினை முழுமையாக ஷட்டவுன் செய்து, ஃபைல் மெனுவில் "எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்" கொடுத்து, வரும் ஓ.வி.ஏ. கோப்பை வெளி ஹார்டு டிஸ்கில் போடுங்கள். நாளைக்கு இந்தக் கணினியும் போனால் இன்னொன்றில் இறக்குமதி செய்து அன்றே வேலையைத் தொடரலாம். வி.எம்.வேரும் ஓ.வி.ஏ.வைப் படிக்கும்.

லேப்_அசிஸ்டன்ட்
அந்தப் பழைய ஹார்டு டிஸ்கையும் துடைத்துவிடாதீர்கள். படிமம் எடுத்தாயிற்று என்று அதில் வேறு எதையும் நிரப்ப வேண்டாம்.

பட்டர்ஷீட்
சரி, அதைப் பீரோவில் எக்ஸ்.பி. பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஓ.வி.ஏ. இரண்டு இடத்தில் இருக்கிறது. யூனிகோடுவாசி தம்பி சொன்னபடி இந்த ஆடிக் கொடை நோட்டீஸ்களை மட்டும் புதிதாக அமைக்க ஆரம்பித்திருக்கிறோம். ஒரு கேள்வி பாக்கி: கன்வெர்ட்டரில் போட்டால் "ஸ்ரீ" மட்டும் ஒவ்வொரு இடத்திலும் உடைந்து வருகிறது. எழுத்துருவைப் பொறுத்தா?

யூனிகோடுவாசி
ஆமாம், கிரந்த எழுத்துகளின் எண்கள் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். தனி இழை திறந்து, எழுத்துருவின் பெயரையும் உடைந்து வரும் நான்கு சொற்களையும் போடுங்கள். அதற்கு மட்டும் ஒரு மாற்று அட்டவணை எழுதித் தருகிறேன்.